மரபணு மாற்றிய முயல் வம்சத்தைக் காப்பது: கொட்டகையா, குளிர்விந்தா, உறைவிந்தா, உறைகருவா?

வருஷத்துக்கு இரண்டு மூன்று முறையாவது எனக்கு வரும் கேள்வி இது: "எங்கள் ஆய்வகத்தில் மரபணு மாற்றிய ஆண் முயல் ஒன்றுதான் மிச்சம். அதன் விந்தை உறைய வைத்துவிட்டால் வம்சம் பத்திரம்தானே?"

கேட்பவர் பெரும்பாலும் மாட்டு வழியாக வந்தவராக இருப்பார். ஊரில் சினை ஊசி போட வருபவர் திரவ நைட்ரஜன் குடுவையிலிருந்து உறைந்த விந்து அடைத்த ஒரு குச்சியை எடுத்து, இளவெந்நீரில் சில நொடி வைத்து, பசுவுக்குப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புவதைப் பார்த்து வளர்ந்தவர். காளைக்குச் சரிப்பட்டது முயலுக்கும் சரிப்படும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் முயலின் விந்தணு குளிரைத் தாங்கும் விதம் வேறு, பெண் முயலின் சினைமுட்டை வெளிவரும் விதம் வேறு. அதற்கு மேல், மரபணு மாற்றிய வம்சத்தில் நாம் காப்பாற்ற நினைப்பது விந்தை அல்ல, அதற்குள் இருக்கும் ஒரு துண்டு டிஎன்ஏவை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பதில் மாறிவிடுகிறது.

இப்படிப்பட்ட முயல்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக. முயலில் அயல் மரபணுவைச் செலுத்தியதாக முதல் அறிக்கை வந்தது 1985இல். பரம்பரையாக வரும் ஒரு வகை வீக்க நோய்க்கான ருகோனெஸ்ட் என்ற மருந்து மரபணு மாற்றிய முயலின் பாலிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. ஐரோப்பா 2010இலும் அமெரிக்கா 2014இலும் அதற்கு அனுமதி தந்தன. ரத்தம் உறையாமை நோய்க்கான செவன்ஃபேக்ட் என்ற மருந்தும் முயல் பாலில் விளைவதுதான். அமெரிக்க அனுமதி 2020இல். ஸ்லோவாக்கியாவின் நித்ரா நகர ஆய்வாளர்கள், மனித ரத்த உறைவுக் காரணி எட்டின் மரபணுவைச் சுமக்கும் முயல்களை வளர்த்து, அவற்றின் ஆண் முயல்களின் விந்தையும் கருத்தரிக்கும் திறனையும் தனியாகவே ஆராய்ந்தார்கள். இதயத் துடிப்புக் கோளாறுகளை ஆராய 2008இல் உருவான முயல்களும் உண்டு. எலியின் இதயம் துடிக்கும் வேகத்துக்கும் நம்முடையதற்கும் சம்பந்தமே இல்லை; முயல் கொஞ்சம் நெருங்கி வருகிறது.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்க்கும் அளவுகோல்கள் ஐந்து.

முதலாவது, வம்சத்தில் எவ்வளவு காப்பாற்றப்படுகிறது என்பது. விந்தில் தகப்பன் பாதி மட்டும். கருவில் முழுசும். செருகிய மரபணு மட்டும் பிழைத்தால் போதுமா, அது உட்கார்ந்திருக்கும் முயலின் மற்ற மரபணுக்கள் எல்லாம் சேர்ந்த மொத்தப் பின்னணியும் வேண்டுமா? இதற்கு முதலில் பதில் வேண்டும்.

இரண்டாவது, கடைசியில் கையில் கிடைக்கும் குட்டிகளில் எத்தனை அந்த மரபணுவைச் சுமக்கின்றன. நுண்ணோக்கியின் கீழ் எத்தனை சதவீத விந்தணு ஓடுகிறது என்பது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. கணினி வைத்து ஓட்டத்தை அளந்து மூன்று பக்க அட்டவணை போட்டுவிட்டு, ஒரு பெண் முயலுக்குக்கூட அந்த விந்தைச் செலுத்திப் பார்க்காத ஆய்வேடுகளை நான் படித்திருக்கிறேன்.

மூன்றாவது கைத்திறன், நான்காவது காலம், ஐந்தாவது விபத்து. நோயோ தீயோ வந்தால் எது மிஞ்சும்? பணத்தைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. ஒவ்வொரு வழியிலும் அது வெவ்வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது, அங்கங்கே சொல்கிறேன்.

## ஒரு முன்கேள்வி: மரபணு மாற்றம் விந்தைக் கெடுக்குமா?

இதைத் தீர்க்காமல் வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆண் முயலின் விந்தே சரியில்லை என்றால் அதை உறைய வைத்து என்ன பயன்?

பால் மருந்து முயல்களில் அயல் மரபணுவுக்கு முன்னால் பால்புரதத்தின் இயக்குபகுதி ஒட்டப்பட்டிருக்கும். மடி சுரக்கும்போது மட்டும் எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லும் விசை அது. ஆண் முயலுக்கு மடியே சுரப்பதில்லை. எனவே அதன் உடம்பில் அந்த மரபணு பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். விந்தகம் பாதிக்கப்பட இங்கே பெரிய காரணம் இல்லை.

கெடுவதற்கு இரண்டு வாசல்கள் உண்டு. கருவுற்ற முட்டைக்குள் நுண்ணிய ஊசியால் டிஎன்ஏவைப் போடும் பழைய நுண்ணூசி முறையில் செலுத்திய துண்டு குரோமோசோமில் எங்கே போய் உட்காரும் என்று நம்மால் சொல்ல முடியாது. விந்தணு உருவாக்கத்துக்குத் தேவையான ஏதோ ஒரு மரபணுவின் நடுவில் உட்கார்ந்தால் அது உடையும். இன்னொன்று, செலுத்திய துண்டு எதிர்பாராத இடத்தில் விழித்துக்கொள்வது. இதற்குப் பாடம் எலியில் இருக்கிறது: ஹெர்ப்பீஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் மரபணுவைச் சுமந்த ஆண் எலிகள் மலடாயின. அந்தத் துண்டுக்குள்ளேயே ஒளிந்திருந்த ஒரு விசை விந்தகத்தில் தானாகவே வேலை செய்ததுதான் காரணம். ஆகவே ஒவ்வொரு வம்சத்தையும் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும். ஒன்று சரியாக இருப்பது இன்னொன்றுக்கு உத்தரவாதம் ஆகாது.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வரும். ஜோடிக் குரோமோசோம்களில் ஒன்றில் மட்டும் அயல் மரபணு, அதாவது ஒற்றைப் பிரதி, வைத்திருக்கும் ஆண் முயலின் விந்தணுக்களில் பாதிக்கு மட்டும்தான் அயல் மரபணு இருக்கும். அந்தப் பாதி மெதுவாக ஓடுமா, கண்டுபிடித்துப் பிரிக்கலாமா என்று கேட்பார்கள். விந்தணுவாக மாறும் செல்கள் கடைசி வரை மெல்லிய பாலங்களால் ஒன்றோடொன்று இணைந்து, உள்ளே தயாராகும் பொருள்களைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் மரபணு உள்ள விந்தணுவும் இல்லாத விந்தணுவும் பார்வைக்கும் நடைக்கும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். குட்டி பிறந்த பிறகு காதில் துளி திசு எடுத்து பிசிஆர் (அந்த மரபணு இருந்தால் ஒரு பட்டையாகக் காட்டும் டிஎன்ஏ சோதனை) செய்வதுதான் வழி.

நுண்ணூசி போட்ட கருவிலிருந்து பிறந்த முதல் தலைமுறை ஆண் முயலிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அது மொசைக்காக, அதாவது உடம்பின் சில செல்களில் மட்டும் மரபணு உள்ளதாக இருக்கலாம். காதில் மரபணு இருக்கும், விந்தகத்தில் கொஞ்சம் இடத்தில் மட்டும் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. கணக்கு எளிது. பாதி விந்தணுவில் மரபணு இருந்தால், எட்டுக் குட்டி கொண்ட ஓர் ஈற்றில் ஒன்றில்கூட அது வராமல் போக வாய்ப்பு 256இல் 1. அப்படி ஓர் ஈற்று வந்தால் துரதிர்ஷ்டம் என்று கடந்து போகாதீர்கள், மொசைக் என்று சந்தேகப்படுங்கள். இதைச் சோதிக்காமல் விந்தை உறைய வைத்தால், வெறும் முயல் விந்தைத் திரவ நைட்ரஜன் ஊற்றிப் பல வருஷம் பாதுகாத்த புண்ணியம்தான் மிஞ்சும்.

அப்புறம் வெயில். நான் வேலை பார்த்த ஒரு கொட்டகையில் மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு குளிரூட்டி நின்றுபோனது. திங்கள் காலையில்தான் தெரிந்தது. பதறிப்போய் அன்றைக்கே விந்து எடுத்துப் பார்த்தோம்; நன்றாகவே இருந்தது. நிம்மதியாகி, நடந்ததைக் குறிப்பேட்டில்கூட எழுதவில்லை. ஒரு மாதத்துக்குள் ஓட்டமும் எண்ணிக்கையும் சரிந்தன. ஒரு மாணவர் "செருகிய மரபணு விந்தைப் பாதிக்கிறது" என்று அறிக்கையே எழுதத் தொடங்கிவிட்டார். பக்கத்துக் கூண்டில் இருந்த மரபணு மாற்றாத சகோதரர்களின் விந்தையும் எடுத்துப் பார்த்தபோதுதான் அதுவும் சரிந்திருப்பது தெரிந்தது. முயலில் விந்தணு உருவாக ஏறக்குறைய ஏழு வாரம், அது முதிர்ந்து வெளிவர இன்னும் பத்து நாள் வரை ஆகும். இன்றைய விந்து சொல்வது போன மாதத்துக் கதையை. எனவே மரபணு மாற்றாத உடன்பிறப்புகள் ஒரே கொட்டகையில், ஒரே தீவனத்தில் இருக்க வேண்டும். ஒப்பிட ஆள் இல்லாத எண் எதையும் சொல்லாது. தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சி நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மலையின் மன்னவனூரிலும் நடப்பது சும்மா இல்லை.

## வழி 1: உயிரோடு கொட்டகையில் வைப்பது

பழைய வழி, பலருக்கும் போதுமான வழி. பெண் முயலை ஆண் முயலின் கூண்டுக்குக் கொண்டு போக வேண்டும். மாற்றிச் செய்தால் பெண் தன் இடத்தைக் காக்கச் சண்டைக்கு வரும். ஆண் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். சேர்க்கையின் தூண்டுதலால்தான் பெண் முயலுக்குச் சினைமுட்டை வெளிவரும், அதுவும் 10 முதல் 12 மணி நேரம் கழித்து. 31 நாளில் குட்டி. கருவி இல்லை, ஹார்மோன் இல்லை, பயிற்சி பெற்ற கையும் வேண்டாம். சுமாரான விந்துள்ள ஆண் முயல்கூட இயற்கைச் சேர்க்கையில் ஒப்பேற்றிவிடும்.

செலவு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. கூண்டு, தீவனம், ஆள், காற்றோட்டம் எல்லாம் ஆராய்ச்சி நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஓடும். யாரும் கணக்கில் சேர்க்காத செலவு ஒன்று உண்டு. ஒற்றைப் பிரதி ஆணை மரபணு மாற்றாத பெண்ணோடு சேர்த்தால் பிறப்பதில் பாதி மரபணு இல்லாத குட்டிகள். அவற்றைக் கறிக்கும் அனுப்ப முடியாது, வளர்ப்புக்கும் கொடுத்துவிட முடியாது. ஒவ்வொரு ஈற்றிலும் பாதியைக் கொல்லும் முடிவை யாரோ ஒருவர் எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையைப் பெரும்பாலும் சம்பளம் குறைந்த ஆளின் தலையில் கட்டுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சின்னக் கூட்டத்தில் தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே சேர்ந்தால் ஈற்றளவு குறையும், விந்தும் இறங்கும். அதையும் செருகிய மரபணுவின் தலையில் போடுவார்கள்.

பெரிய பயம் நோய்தான். முயல் ரத்தக்கசிவு நோய் 1984இல் சீனாவில் வெளிப்பட்டது. 2010இல் பிரான்ஸில் அதன் புது வகை வந்தது. நுழைந்தால் ஒரு கொட்டகையைக் காலி செய்யச் சில நாள் போதும். தடுப்பூசி இருக்கிறது, ஆனாலும் ஒரே கட்டடத்தில் இருக்கும் ஒரே கூட்டத்தைக் காப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது, மாதாமாதம் குட்டி தேவை என்றால் இதுவே சிறந்தது. வேலை நின்றுபோன வம்சத்துக்கு இது வீண்.

## வழி 2: புது விந்தும் குளிர்விந்தும்

சூடான நீர் நிரப்பிய செயற்கை யோனியில் விந்து எடுத்து, கூடவே வரும் கூழ்க்கட்டியை நீக்கி, நீர்த்து, 16 முதல் 18 டிகிரியில் வைத்து, ஒரு நாளுக்குள் பயன்படுத்துவது. ஐரோப்பாவின் பெரிய முயல் பண்ணைகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். அங்கே நிறைய பெண் முயல்களுக்கு ஒரே நாளில் போட்டு, 42 நாளுக்கு ஒருமுறை சுற்றைத் திருப்புகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒருமுறை எடுத்தால் ஏறக்குறைய அரை மில்லி; ஒரு மில்லியில் 30 கோடி விந்தணு என்று வைத்தால் மொத்தம் 15 கோடி. ஒரு பெண் முயலுக்கு ஒன்றரைக் கோடி போட்டால் பத்துப் பெண்கள். இயற்கைச் சேர்க்கையில் ஓர் ஆண் ஒரு நாளில் பத்தைச் சமாளிக்க முடியாது. முதல் தலைமுறை ஆண் ஒன்றிலிருந்து ஒரே மாதத்தில் அறுபது எழுபது குட்டிகளைப் பெற்று, மரபணு அடுத்த தலைமுறைக்குப் போகிறதா என்று பார்க்க இதைவிட வேகமான வழி கிடையாது. மருந்து தயாரிக்க முயலைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணமும் இந்த வேகம்தான். ஐந்து மாதத்தில் பருவம், ஒரு மாதச் சினை. மாட்டில் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சேர்க்கை நடக்காததால் முட்டை தானாக வெளிவராது. விந்து செலுத்தும்போதே பியூசெரெலின் போன்ற ஹார்மோன் ஊசி போட வேண்டும். இதை மறந்துவிட்டு "விந்து சரியில்லை" என்று புலம்பியவர்களை எனக்குத் தெரியும். மாட்டு அனுபவம் இங்கேதான் காலை வாரிவிடும், பசுவுக்குச் சினைப்பருவம் பார்த்தால் போதுமே. ஆண் முயலைச் செயற்கை யோனிக்குப் பழக்கவும் வாரக்கணக்கில் ஆகும், சிலது கடைசி வரை மசியாது. எடுத்த விந்தில் சிறுநீர் கலந்துவிட்டால் மொத்தமும் குப்பைக்கு. ஒரே முயலின் விந்தே ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் மாறும். ஒருமுறை எடுத்துப் பார்த்து நல்லது கெட்டது என்று முடிவுகட்டுவது தப்பு.

இது பெருக்கும் வழி, காப்பாற்றும் வழி இல்லை. இரண்டு நாள் தாண்டினால் திறன் இறங்கிவிடும். பக்கத்து நகரத்து ஆய்வகத்துக்கு வம்சத்தை அனுப்ப வேண்டும், உயிருள்ள முயலை ஏற்றிச் செல்ல விருப்பமில்லை என்றால் இதுவே எளிது. அதற்கும் தாள் வேலை உண்டு. இந்தியாவில் மரபணு மாற்றிய உயிரிகளுக்கான 1989ஆம் ஆண்டு விதிகள் விந்துக் குழாய்க்கும் பொருந்தும். நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்குத் தெரியாமல் ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டு போகாதீர்கள்.

## வழி 3: உறைவிந்து

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நான் இதைக் கடைசிக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

முயல் விந்தணுவின் உறையில் தண்ணீர் சுலபமாக ஊடுருவாது. குளிரும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் சட்டென்று வெளியேறினால்தான் பனிப்படிகம் உருவாகாமல் தப்பிக்கும். காளை விந்துக்குக் கைகொடுத்த கிளிசரால் முயல் விந்தணுவுக்கு அவ்வளவாக ஒத்துப்போவதில்லை, நஞ்சாகவும் மாறும். அதனால் டிஎம்எஸ்ஓ, அசெட்டமைடு போன்ற வேறு உறைவுக் காப்புப் பொருள்களை முட்டை மஞ்சள் கருவோடோ சர்க்கரையோடோ கலந்து பார்க்கிறார்கள். குட்டி பிறக்கத்தான் செய்கிறது. ஆனால் சினைபிடிப்பும் ஈற்றளவும் புது விந்தைவிடக் குறைவு, முடிவு முயலுக்கு முயல் ஏறி இறங்கும். உருக்கிய பிறகு பாதி விந்தணு நன்றாக ஓடினாலும், அதன் தலையை மூடியிருக்கும் தொப்பி போன்ற பை சிதைந்திருந்தால் முட்டைக்குள் நுழைய முடியாது. ஓட்டம் மட்டும் பார்த்தவருக்கு இது தெரியாது.

இப்போது வம்சக் கணக்குக்கு வாருங்கள். பத்து வருஷம் கழித்து இந்த விந்தை எடுத்து, மரபணு உள்ள ஆண் ஒன்றும் பெண் ஒன்றும் குறைந்தபட்சம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைப் பிரதி ஆணின் விந்து என்றால் பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் "மரபணு உள்ள பெண்" ஆக இருக்க வாய்ப்பு நான்கில் ஒன்று, "மரபணு உள்ள ஆண்" ஆகவும் அதே. பத்துக் குட்டி பிறந்தால் இரண்டில் ஏதோ ஒன்று கிடைக்காமல் போக வாய்ப்பு ஏறக்குறைய 11 சதவீதம். இருபது பிறந்தால் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆக இருபது குட்டி தேவை. உறைவிந்தில் இரண்டு பெண்ணுக்கு ஒன்று சினையாகி, நான்கு குட்டி ஈனும் என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்தாலும் பத்துப் பெண் முயல்கள் வேண்டும். புது விந்தைப் போல ஒரே தடவை எடுத்ததில் இத்தனைக்கும் வராது, பெண்ணுக்குப் பெண் கூடுதல் விந்தணு தேவை. பலமுறை எடுத்த விந்தின் குச்சிகளைச் சேர்த்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். "நாலு குச்சி வைத்திருக்கிறேன், பத்திரம்" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

பின்னணியும் பாதிதான் திரும்பும். மீதிப் பாதி அன்றைக்குக் கிடைக்கும் பெண் முயலுடையது. தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ முழுசும் புதுசு. பின்னணி முக்கியமான இதய ஆராய்ச்சி போன்றவற்றில், பழைய முடிவோடு ஒப்பிட முடியாத முயல்கள் கையில் இருக்கும்.

இத்தனையும் சொல்லிவிட்டு, உறைவிந்துதான் ஒரே வழி என்ற நிலைமையும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். வம்சத்தின் கடைசி ஆண் திடீரென்று செத்துக் கிடக்கிறது. உடனே விந்தகத்தை ஒட்டிய, விந்தணு முதிர்ந்து தங்கும் குழாயான எபிடிடிமிஸின் வால்பகுதியைக் கீறி விந்தணுவை எடுத்து உறைய வைக்கலாம். கருவுக்கு அப்போது நேரமில்லை. எத்தனையோ வம்சங்கள் உள்ள, ஒவ்வொன்றுக்கும் அறுவை செய்ய ஆளில்லாத இடத்திலும் இது பரவாயில்லை. உறைய உலர்த்திய விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தியும் முயல் குட்டி பிறந்திருக்கிறது, 2004இல் அறிக்கை வந்தது. அதைச் செய்யத் தெரிந்த கை அபூர்வம் என்பதால் இங்கே தனி வழியாகச் சேர்க்கவில்லை.

## வழி 4: உறைகரு

பாலூட்டிகளில் கரு மாற்றம் முதன்முதலில் வெற்றியானதே முயலில்தான். 1890இல் ஆங்கிலேய ஆய்வாளர் வால்டர் ஹீப், அங்கோரா முயலின் இரண்டு கருக்களை ஏற்கெனவே தன் இனத்து ஆணோடு சேர்ந்திருந்த பெல்ஜியன் ஹேர் முயலின் உள்ளே வைத்தார். பிறந்த ஆறில் நான்கு தாயின் சாயல், இரண்டு பஞ்சுமுடி அங்கோரா. வளர்ப்புத் தாயின் வயிறு குட்டியின் இனத்தை மாற்றாது என்று அவர் காட்ட நினைத்தது இப்படி நிரூபணமானது. நமக்கு வேண்டியதும் அதுதான்: எந்த முயல் சுமந்தாலும் பழைய வம்சம் அப்படியே வெளிவர வேண்டும்.

இன்றைய வழக்கம், சேர்க்கைக்குப் பின் ஏறக்குறைய 72 மணி நேரத்தில், மல்பெரிப் பழம் போலத் திரண்டிருக்கும் நிலையில் கருவை எடுத்து, பனிப்படிகம் உருவாக நேரமே தராமல் நொடியில் கண்ணாடி போல் உறைய வைப்பது. ஸ்பெயினின் வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகக் குழு இந்த முறையில் முயல் வம்சங்களை வருஷக்கணக்கில் வங்கியில் வைத்து, திரும்ப உயிர்ப்பித்தும் காட்டியிருக்கிறது. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சின்னத் துளையில் நுழைக்கும் லேப்ராஸ்கோப் குழாய் வழியாகக் கருவை உள்ளே வைக்கலாம்.

முயலுக்கே உரிய ஒரு சிக்கல்: கருவைச் சுற்றிக் கருக்குழாயில் ஒரு வழுவழுப்பான மியூசின் போர்வை படியும். அது இல்லாமல் கரு ஒட்டாது. ஆய்வகத் தட்டில் அதிக நேரம் வளர்த்த கருவுக்குப் போர்வை இருக்காது. எனவே உடம்புக்குள் வளர்ந்த கருவைத்தான் எடுக்க வேண்டும், அதற்குக் கருவைக் கொடுக்கும் பெண் முயலுக்கு அறுவை செய்ய வேண்டும் அல்லது அதைக் கொல்ல வேண்டும். கருவை வாங்கும் பெண்ணின் நாளும் கருவின் நாளும் பொருந்த வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர் முதல் சில மாதங்களில் குட்டியே பார்க்க மாட்டார். இந்தப் பயிற்சிக் காலத்தை யாரும் திட்ட மதிப்பீட்டில் எழுதுவதில்லை.

சமீப வருஷங்களில் அதே வலென்சியா குழு இன்னொன்றையும் கவனித்திருக்கிறது. உறைகருவிலிருந்து பிறந்து வளர்ந்த முயல்களின் வளர்ச்சியில் வேறுபாடு தெரிகிறது. அதில் சில, ஆண் வழியாக அடுத்த தலைமுறைக்கும் போகிறது. எனவே வங்கியிலிருந்து எடுத்த முதல் தலைமுறையை வைத்தே நேராகச் சோதனை தொடங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இத்தனை தொந்தரவுக்கும் பலன் இருக்கிறது. கருவில் இரு பெற்றோரின் பங்கும் இருக்கிறது, மைட்டோகாண்ட்ரியாவும் இருக்கிறது. பெற்றோர் இருவருமே இரட்டைப் பிரதி (ஜோடிக் குரோமோசோம் இரண்டிலும் அயல் மரபணு) உடையவர்கள் என்றால் ஒவ்வொரு கருவிலும் மரபணு உறுதி. இருபது குட்டிக் கணக்கெல்லாம் வேண்டாம். ஆகவே உறைய வைக்கும் முன்பே இரட்டைப் பிரதி முயல்களை உருவாக்க முடிகிறதா என்று பாருங்கள். சில வம்சங்களில் முடியாது, செருகிய இடத்தில் உடைந்த மரபணு இரண்டு பக்கமும் உடைந்தால் கரு பிழைக்காது. அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான்.

## ஒரே பார்வையில்

| | கொட்டகை | குளிர்விந்து | உறைவிந்து | உறைகரு |
|---|---|---|---|---|
| காப்பாற்றுவது | முழு வம்சம், மெல்ல மாறிக்கொண்டே | தகப்பன் பாதி | தகப்பன் பாதி | முழு வம்சம் |
| எத்தனை காலம் | கூட்டம் இருக்கும் வரை | ஒன்றிரண்டு நாள் | பல வருஷம் | பல வருஷம் |
| சினைபிடிப்பு | நல்லது | நல்லது | குறைவு, ஏறி இறங்கும் | கைத்திறனைப் பொறுத்தது |
| ஒளிந்திருக்கும் செலவு | வேண்டாத பாதிக் குட்டிகள், உறவுச் சேர்க்கை | ஹார்மோன், ஆணைப் பழக்குதல் | திரும்ப எடுக்க நிறைய பெண் முயல்கள் | அறுவை, பயிற்சி மாதங்கள் |
| நோய் வந்தால் | எல்லாம் போச்சு | எல்லாம் போச்சு | பிழைக்கும் | பிழைக்கும் |

## நான் என்ன செய்வேன்

புதிதாகப் பிறந்த முதல் தலைமுறை ஆண் கையில் இருந்தால் முதலில் குளிர்விந்து. எட்டுப் பத்துப் பெண்களுக்குப் போட்டு, குட்டிகளைச் சோதித்து, மரபணு கடத்தப்படுகிறதா, பாதியா, அதைவிடக் குறைவா என்று தெரிந்துகொள்வேன். அது தெரியும் முன் எதையும் உறைய வைக்க மாட்டேன்.

வேலை நடந்துகொண்டிருக்கும் வம்சத்துக்குக் கொட்டகை. கூடவே ஒரு தொகுதி உறைகருவை வேறொரு கட்டடத்தில் இருக்கும் நைட்ரஜன் குடுவையில் வைப்பேன். கொட்டகையும் குடுவையும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் இரண்டு வைத்ததில் அர்த்தமே இல்லை. குடுவைக்கு வாராவாரம் நைட்ரஜன் அளவு பார்க்க ஓர் ஆளின் பெயரை எழுதி ஒட்டுவேன். யார் பொறுப்பு என்று எழுதாத குடுவை ஒரு நீண்ட விடுமுறையில் காலியாகிவிடும்.

கரு எடுக்கும் கை இல்லாத சின்ன ஆய்வகம் என்றால், அந்தத் திறன் உள்ள இடத்துக்கு ஓர் ஆணையும் இரண்டு பெண்களையும் அனுப்பிச் செய்து வாங்குவது, அரைகுறையாக நாமே கற்றுக்கொள்வதைவிட மலிவு. அதுவும் முடியாவிட்டால் உறைவிந்து. ஆனால் வெவ்வேறு வாரங்களில், வெயில் தாக்கம் இல்லாத மாதங்களில் எடுத்த விந்தாக இருக்கட்டும்.

ஆரம்பத்தில் கேட்டாரே, ஒற்றை ஆண் மட்டும் மிச்சம் என்று, அவருக்கு: ஐயா, அந்த முயலுக்கு வயது இரண்டரை தாண்டிவிட்டது என்றால் இரண்டு வேலையையும் சேர்த்தே செய்யுங்கள். இந்த வாரம் விந்து எடுத்து, ஒரு பகுதியைப் புதுசாக ஆறேழு பெண்களுக்குப் போடுங்கள், மீதியை உறைய வையுங்கள். உறைய வைத்ததிலிருந்து சில குச்சிகளை அடுத்த மாதமே உருக்கி, வேறு பெண்களுக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டாம் நாள் வயிற்றைத் தடவினால் சினை தெரியும். குட்டி பிறந்து, காதில் துளி திசு எடுத்து, பிசிஆரில் பட்டை தெரிகிற வரைக்கும் அந்தக் கிழட்டு முயலை நல்ல நிழலில், காற்றாடிக்குப் பக்கத்தில் வைத்திருங்கள்.